காணாமல் போன இருபத்து மூன்று கோப்புகள்

என் அத்தை பேருந்து நிறுவனத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். பயணிகள் வண்டியில் விட்டுவிட்டுப் போகும் பொருட்களெல்லாம் மாலையில் அவர் மேசைக்கு வந்து சேரும். குடை, ஒற்றைக் கையுறை, மூக்குக்கண்ணாடி, பல்செட்டு, ஒருமுறை உயிரோடு ஒரு ஆமை. ஒவ்வொன்றுக்கும் அத்தை ஒரு மஞ்சள் சீட்டு எழுதிக் கட்டுவார். என்ன பொருள், எந்த வண்டி, கடைசியாகப் பார்த்தது யார் என்று அதில் எல்லாம் இருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் யாராவது "கறுப்புக் குடை" என்று மட்டும் எழுதி வைத்தால் அத்தைக்குப் பொறுக்காது.

"உலகத்துல இருக்கற குடையில பாதி கறுப்புதான். கைப்பிடி எப்படி, கம்பி எத்தனை, எங்க கிழிஞ்சிருக்கு, அதை எழுது."

மாமாவை அவர் சந்தித்ததும் அந்த அலுவலகத்தில்தான். மாமா முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. ஒரு மழை நாளில் தன் கிளாரினெட்டைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கியவர், மறுநாள் காலை பேயறைந்த முகத்தோடு ஓடி வந்து நின்றார்.

"கறுப்புப் பெட்டிங்க. உள்ள கிளாரினெட் இருக்கும்."

"அது பெட்டியோட வடிவத்தைப் பாத்தாலே யாரும் சொல்லிடலாம். உங்களோடதுதான்னு எப்படி நம்பறது?"

"அப்ப என்னதான் செய்யணும்கறீங்க?"

"வாசிச்சுக் காட்டுங்க."

மாமா அங்கேயே நின்று துண்டுகளைப் பூட்டி வாசித்தார். பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. என்ன கூத்து என்று அதட்ட வந்த மேலாளர் கதவில் சாய்ந்தபடி கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் போனார். அத்தை சீட்டில் "உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அடுத்த மூன்று மாதத்தில் மாமா எட்டு முறை பேருந்தில் பொருளைத் தொலைத்தார். எட்டாவது முறை தொலைந்தது ஒரு சீப்பு. அதற்கு மேல் தாங்க முடியாமல் அத்தையே கேட்டுவிட்டார்: "நீங்க தொலைக்கறதை நிறுத்தணும்னா நான் என்ன செய்யணும்?"

இதெல்லாம் நான் பிறப்பதற்கு முந்திய கதை. நான் சொல்ல வந்தது அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி.

அது கூடத்து ஜன்னலோரம், மேலே பூப்போட்ட துணி போர்த்தி, ஒரு சின்ன மேசையில் இருந்தது. மாமாவின் வாடிக்கையாளர் ஒருவர் அலுவலகத்தைக் காலி செய்தபோது கொடுத்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும்; எனக்குத் தெரிந்து அது டீ நிறம்தான். பொத்தானை அமுக்கிவிட்டுப் பல் தேய்த்துவிட்டு வரலாம். அப்போதுதான் திரையில் படம் வரும். ஆனால் மாமாவுக்கு அது உயிர். அவர் பதினோரு பேர் கொண்ட ஒரு தெருமுனை இசைக்குழுவுக்குத் தலைவர். பாட்டு எழுதுவது அவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகச் சுரத்தாள் தயார் செய்வதும் அவரேதான். முன்பெல்லாம் கையால் எழுதுவார். அதைக் கையில் வாங்கும் ட்ரம் அடிக்கும் தையல்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நோட்டா, இல்ல எறும்பு மிதிபட்டுச் செத்துக் கிடக்கா?" என்று கேட்பார். அந்தக் கம்ப்யூட்டரில் சுரத்தாள் எழுதும் ஒரு பழைய செயலி இருந்தது. அதைத் தயாரித்த நிறுவனமே இழுத்து மூடப்பட்டுவிட்டது. புதுக் கம்ப்யூட்டர் எதிலும் அது ஓடாது. அதனால் அந்தப் பழசை யார் குறை சொன்னாலும் மாமாவுக்கு மூக்கு விடைக்கும்.

அந்த வருடம் நூலகத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் புது மேடை கட்டினார்கள். திறப்பு விழாவில் நாற்பது நிமிடம் மாமாவின் குழுவுக்கு. மாமா ஆறு புதுப் பாட்டு எழுதினார். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அச்செடுக்க வேண்டியதுதான் பாக்கி. விழாவுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, என் அப்பா ஜன்னல் கொக்கி சரிசெய்ய அங்கே போனார்.

அப்பா அத்தைக்குத் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவருக்கு "எக்ஸ்பர்ட்" என்று பேர். கேட்காமலே உதவி செய்வார். அன்றைக்கு அவர் கண்ணில் கம்ப்யூட்டர் பட்டுவிட்டது. அத்தை அலுவலகத்தில், மாமா கடையில். வீட்டில் அவரும் அதுவும் மட்டும்.

மறுநாள் மதியம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து மாமா பொத்தானை அமுக்கினார். திரை கறுப்பாகவே நின்றது. அதில் வெள்ளை எழுத்தில் மூன்று வரி. ஏதோ ஒரு விசையைத் தட்டினார். வேறு மூன்று வரி. இன்னொரு தட்டு, இன்னும் மூன்று. அத்தை வேலை முடிந்து வந்தபோது மாமா நாற்காலியில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போச்சு. எல்லாம் போச்சு."

"என்ன போச்சுன்னு சரியாச் சொல்லுங்க."

"கம்ப்யூட்டர் செத்துப்போச்சு."

அத்தை கைப்பையைக் கூடக் கழற்றாமல் திரையைக் குனிந்து பார்த்தார். "செத்தது பேசுமா? இது பேசிட்டே இருக்கே. என்ன சொல்லுதுன்னு படிச்சீங்களா?"

"அது என்னமோ உளறுது."

"உளறல. ஒரு ஃபைலோட பேரைச் சொல்லி, அதைக் காணோம்னு சொல்லுது. தொடர்ந்து போகணும்னா ஏதாவது ஒரு விசையைத் தட்டச் சொல்லுது. எவ்வளவு மரியாதையாச் சொல்லுது பாருங்க."

அத்தைக்கு அதுவரை அந்தக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடத்தான் தெரியும். ஆனால் காணவில்லை என்று யாராவது வந்து நின்றால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். கைப்பையிலிருந்து மஞ்சள் சீட்டுக் கட்டை எடுத்தார். முதல் செய்தியை எழுத்து விடாமல், புள்ளி விடாமல், அடிக்கோடு விடாமல் எழுதினார். பிறகு ஒரு விசையைத் தட்டினார். அன்று மாலைக்குள் ஒன்பது சீட்டு ஆயிற்று. ஒன்பதுக்கு அப்புறம் திரை அசையவில்லை.

"சரி. இதைக் கடைசியாத் தொட்டது யாரு?" என்றார் அத்தை.

மாமா ஜன்னலின் புதுக் கொக்கியைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். உடனே எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது.

"தம்பி, நேத்து கம்ப்யூட்டர்ல என்ன பண்ணின?"

"சுத்தம் பண்ணினேன்க்கா! நேத்தே நீ கூப்பிட்டு நன்றி சொல்லுவேன்னு பாத்தேன்."

"என்ன சுத்தம்?"

"இடம் போதலைன்னு காட்டிச்சு. உள்ள போய்ப் பாத்தா ஆயிரக்கணக்குல ஃபைல். எதைத் தட்டினாலும் திறக்கல. பேரெல்லாம் மனுஷன் வெச்ச பேராவே இல்ல. பத்து வருஷமா ஒருத்தரும் தொடாம அடைச்சுக்கிட்டுக் கிடந்துது. கொஞ்சம் எடுத்து எறிஞ்சேன்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"இருபது, இருபத்தஞ்சு இருக்கும். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். உனக்கு ஒரு வேலையும் வெக்கல."

அத்தை ஒரு மூச்சு விட்டார். "டேய், லிஃப்ட்ல ஒரு நட்டு பத்து வருஷமா அசையாம இருக்குன்னு அதைக் கழட்டி எறிஞ்சிடுவியா நீ?"

அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னார்.

வெள்ளிக்கிழமை அத்தை கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும் என்றார். பாட்டும் போய்விடும், செயலியும் போய்விடும். "இந்த வயசுல அதுக்கு வைத்தியம் எதுக்கு மேடம்? புதுசு வாங்கிடுங்க."

"இதே மாதிரி இன்னொரு கம்ப்யூட்டர் எங்கயாவது இருந்து, அதுலேருந்து இந்த ஃபைல்களை மட்டும் எடுத்துட்டு வந்தா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "நடக்கும்தான். ஆனா இந்தக் காலத்துல அதை யாரு வெச்சிருக்கா?"

"நடக்கும்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அத்தை வெளியே வந்தார்.

திங்கட்கிழமையிலிருந்து தொலைந்த பொருளைத் தேடி வந்தவர்கள் எல்லோரிடமும் அத்தை ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டார். குடையைக் கொடுப்பார், "உங்க வீட்டுல பழைய கம்ப்யூட்டர் இருக்கா?" என்பார். கண்ணாடியைக் கொடுப்பார், அதே கேள்வி. வந்தவர்கள் இதுவும் ஏதோ விதிமுறை போலிருக்கிறது என்று நினைத்து யோசித்துப் பதில் சொன்னார்கள். மாலை நான்கு மணிக்கு ஒரு பூனைக் கூடையைத் தேடிக்கொண்டு விலங்கு மருத்துவர் ஒருவர் வந்தார். குட்டையாக, உரத்த குரலோடு, சட்டையெல்லாம் பூனை முடியோடு ஒரு பெண்மணி.

"பழைய கம்ப்யூட்டரா? என் கிளினிக்ல ஒண்ணு இருக்கு. தடுப்பூசிச் சீட்டு அடிக்கறதுக்கு மட்டும். பொத்தானை அமுக்கிட்டு ஒரு நாய்க்கு ஊசி போட்டுட்டு வந்தாத்தான் படம் வரும்."

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதேதான்!"

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் அத்தை எட்டு ஃபிளாப்பித் தட்டுகளோடு கிளினிக்குக்குப் போனார். எட்டில் மூன்று கெட்டுப்போனவை. மருத்துவரின் கம்ப்யூட்டர்த் திரைமேல் ஒரு சாம்பல் பூனை சூட்டுக்காகப் படுத்து, வாலைத் திரைக்கு நடுவில் தொங்கவிட்டிருந்தது.

"வாலைத் தொடாதீங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "அதுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல."

அத்தை வாலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்து, ஒவ்வொரு கோப்பாகத் தேடி எடுத்தார். பேர் மட்டும் பார்த்தால் போதாது என்று கோப்பின் அளவையும் தேதியையும் சீட்டில் குறித்துக்கொண்டார். அவர் அப்படித்தான். நடுவில் மருத்துவர் ஒரு முயலைக் கொண்டுவந்து, "கொஞ்சம் பிடிங்க" என்று அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார். ஒரு கையில் முயலோடு, மறுகையால் மீதியை எடுத்து முடித்தார்.

புதன்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் அது அவசியமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்திருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த வழியாக உள்ளே போய் அத்தை ஒரு கோப்பை அதன் இடத்தில் வைப்பார். அணைத்து மறுபடி போடுவார். ஒரு செய்தி குறையும். ஒரு சீட்டைக் கிழிப்பார். சில நேரம் ஒன்று போன இடத்தில் புதிதாக இரண்டு முளைக்கும்; அவற்றை எடுக்க மறுபடி கிளினிக்குக்குப் போய் வருவார். மாமா தலையில் கை வைப்பார்; அத்தையோ, "நல்லது, இன்னும் கொஞ்ச தூரம் உள்ள போயிருக்கோம்" என்பார். ஒன்பது சீட்டு பதினாறு ஆயிற்று, பதினாறு இருபது ஆயிற்று, பிறகு மளமளவென்று குறைந்தது. ஒரே ஒரு கோப்பு மட்டும் அடம்பிடித்தது. அதை வைத்ததும் செய்தி மாறிப் பதிப்பு பொருந்தவில்லை என்றது. மருத்துவரிடம் இருந்தது வேறு வருடத்தது.

"பேர் ஒண்ணு, ஆள் வேற," என்று அத்தை அதை வெளியே எடுத்துத் தனியாக வைத்தார். அது இல்லாமலே சமாளிக்க முடிந்தது. நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குத் திரையில் முழுப் படம் வந்தது. இசைக்குழுவின் பழைய புகைப்படம். மாமா தோளில் கிடந்த துண்டை உதறி, அத்தையின் கையைப் பிடித்துக் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு சுரத்தாள் செயலியைத் திறந்தார். திறந்தது. பாட்டும் திறந்தது.

கோடுகள் சரியாக இருந்தன. ஆனால் சுரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகளும் சின்னச் சின்னக் கட்டங்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதை வாத்தியத்துல வாசிக்க முடியாது. கூட்டமா நின்னு சத்தமாப் படிக்கத்தான் முடியும்."

சுரக் குறிகளுக்கான எழுத்துருக் கோப்பு இல்லை என்று செயலி அதன் பேரோடு சொன்னது. இருபத்து மூன்றாவது சீட்டு. மருத்துவருக்குப் போன் போட்டதற்கு, "நான் நாய் பூனை பாக்கறவம்மா, என்கிட்ட பாட்டு எழுத்து எங்கேருந்து வரும்?" என்றார்.

அத்தை நாற்காலியில் சாய்ந்தார். பத்து நாளில் முதல் தடவையாக அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாமா குளிக்கப் போனார். அத்தை சும்மா சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் அவர் கம்ப்யூட்டர் காட்டிய இடத்தில் மட்டுமே தேடியிருந்தார். அலுவலகத்தில் ஒரு குடையைக் குடை அலமாரியில் மட்டும் தேடிவிட்டு யாராவது இல்லை என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? தன்னையே தலையில் தட்டிக்கொண்டு, முழுக் கம்ப்யூட்டரிலும் தேடச் சொல்லி அந்தக் கோப்பின் பேரைக் கொடுத்தார். ஆறு நிமிடம் அது கரகரவென்று தேடியது. ஒரே ஒரு விடை வந்தது.

வட்டின் இன்னொரு பகுதியில், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில், "சும்மா" என்று ஒரு கோப்புறை. அதைத் திறந்தார். எண்ணினார். இருபத்து மூன்று கோப்புகள். காணாமல் போன அத்தனையும், அடம்பிடித்ததன் சரியான பதிப்பு உட்பட, வரிசையாக, பத்திரமாக.

உடனே எங்கள் வீட்டில் போன் அடித்தது. அப்பாதான் எடுத்தார்.

"தம்பி, 'சும்மா'ன்னு ஒரு ஃபோல்டர். தெரியுமா உனக்கு?"



"அக்கா… எறியறதுக்கு முன்னாடி, ஒருவேளை வேணுமோ என்னவோன்னு எல்லாத்தையும் அந்தப் பக்கம் இழுத்து வெச்சேன். அப்புறம் கொக்கி மாட்டப் போயிட்டேன்."

"எறிஞ்சேன்னு சொன்னியேடா! குப்பைத்தொட்டியைக் காலி பண்ணினேன்னு சொன்னியே!"

"பண்ணினேன்க்கா. அதுல என்ன இருந்துதுன்னு பாக்கல."

அத்தைக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. பிறகு போனை மேசைமேல் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்து மாமா தலையெல்லாம் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். அத்தையால் பேச முடியவில்லை, திரையைக் காட்டினார். மாமா "சும்மா" என்பதைப் படித்தார். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மேசைமேல் கிடந்த போனிலிருந்து, "அக்கா? அத்தான்? திட்டறதுன்னா திட்டிடுங்க" என்று அப்பாவின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்ததாம்.

நான் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தேன். விழாவுக்கு வந்தபோது கேட்டேன். "பத்து நாள் வீணா அலைஞ்சீங்களே அத்தை, கோபமே வரலியா?"

"வீணா? அது சொல்றதெல்லாம் எனக்குப் புரிய ஆரம்பிச்சுது, ஒரு நல்ல சிநேகிதி கெடச்சா, மடியில முயல் வெச்சுக்கிட்டேன். உங்கப்பன் அன்னிக்கே ஞாபகமாச் சொல்லியிருந்தா இதெல்லாம் ஏது?"

சுரத்தாள்கள் அச்சாகி ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. அப்பா கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு முழம் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று உத்தரவு. ஆனாலும் பரிகாரமாக ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று, விழாவுக்கு முதல் நாள், மேடையில் காற்றுக்குப் பறக்காமல் இருக்கத் தாள்களையெல்லாம் கெட்டி அட்டைகளில் கோத்துக் கொடுத்தார். அழகாகவே கோத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வெயில் சாய்ந்ததும் பூங்கா நிரம்பிவிட்டது. விலங்கு மருத்துவர் இரண்டு நாய்களோடு முன்வரிசையில் இருந்தார். முதல் இரண்டு பாட்டும் அருமையாகப் போயின. மூன்றாவது பாட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதும், குழுவிலேயே பெரிய வாத்தியமான ட்யூபாவை ஊதும் தபால்காரர் ஒரு கணம் திகைத்தார். அவர் முன்னால் இருந்தது கிளாரினெட்டுக்கான பக்கம். முந்தின நாள் வரை அங்கே வேறு பக்கம் இருந்தது. ஆனால் கண்ணெதிரே என்ன இருக்கிறதோ அதை வாசிப்பதுதான் அவர் பழக்கம். மூச்சை இழுத்தார். குருவி மாதிரி துள்ள வேண்டிய மெட்டு, யானை பிளிறுவது போல மேடையைக் கிடுகிடுக்க வைத்தது.

மாமா சட்டென்று திரும்பிப் பார்த்தார். தன் தாளைப் புரட்டினார். அதில் ட்யூபாவின் "பும், பும்" இருந்தது. கிளாரினெட்டைத் தூக்கி, கண்ணைச் சிமிட்டி, அந்தப் "பும், பும்"மை வாசிக்கத் தொடங்கினார். ட்ரம் அடித்த தையல்காரர் சிரிப்பில் ஒரு அடியைத் தவறவிட்டார். நாய்கள் இரண்டும் தலையைத் தூக்கி ஊளையிட்டன. கூட்டம் எழுந்து நின்று தாளம் போட்டது. முடிந்ததும் "இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள். இன்னொரு தடவை வாசித்தார்கள். அப்புறம் மறுபடியும்.

அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அத்தை அவர் கையை விலக்கி, "பாருடா, நீ கோத்துக் குடுத்ததுக்குத்தான் இவ்வளவு கைதட்டல்" என்றார். அப்பா மெதுவாக எழுந்து, ஒருவேளை தனக்கும்தானோ என்பது போல இரண்டு பக்கமும் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பாட்டை மாமா இன்றுவரை அப்படியேதான் வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு மருத்துவர் தன் சிநேகிதிகளிடம் சொல்ல, அவர்கள் அக்கம்பக்கத்தில் சொல்ல, பழைய கம்ப்யூட்டரோடு ஆட்கள் அத்தை வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, அதற்கென்று சனிக்கிழமை காலையை ஒதுக்கிவிட்டார். இப்போது சனிக்கிழமை அங்கே போனால் உட்கார இடம் கிடைக்காது. பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாகக் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்கள் சலித்துப்போகக் கூடாதே என்று மாமா வாசல் பக்கம் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்டு, கத்தரிக்கோலும் கையுமாக நிற்கிறார். போன வாரம் ஒரு ஆசிரியரின் கம்ப்யூட்டர் எவ்வளவு முயன்றும் எழுந்திருக்கவில்லை. அத்தை அடுத்த வாரம் வரச் சொன்னார். ஆசிரியர் அதைத் தூக்கிக்கொண்டு, புதிதாக முடி வெட்டிய தலையைத் தடவியபடி, சந்தோஷமாகத்தான் படி இறங்கிப் போனார்.